கேட்காமல் போட்ட கோடுகள்: ஜவ்வாது மலை அன்றும் இன்றும்

ஜவ்வாது மலையின் நடு ஊர் ஜமுனாமரத்தூர். அங்கிருந்து போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் பேருந்து உண்டு. அமிர்தி வழியாக வேலூருக்கு ஒரு பாதை இறங்குகிறது, காவலூர், ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூர் பக்கம் இன்னொன்று. சுமார் 80 கி.மீ. நீளமும் 32 கி.மீ. அகலமும் உள்ள ஒரே மலை இது. ஆனால் மூன்று மாவட்டங்களுக்குச் சொந்தம். ஜமுனாமரத்தூர் ஒன்றியத்தின் 11 ஊராட்சிகள் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கின்றன. புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு ஆகியவை திருப்பத்தூரில். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு வேலூரில். எங்கும் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், தமிழ் பேசும் மக்கள்தான். ஒரு மாவட்டத்தில் பெண் எடுத்து இன்னொரு மாவட்டத்தில் பெண் கொடுத்தவர்கள்.

இந்த மலையைப் பற்றி எழுதும்போது எனக்கு வட அயர்லாந்து நினைவுக்கு வருகிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, ஆட்களின் பெயரோடும் தேதியோடும் இருக்கிறது.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் என்ற பகுதியை எழுதி வாங்கியவர் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். மலையின் மேற்கு அடிவாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது அப்படித்தான். பாரமகாலின் கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில் கச்சேரி வைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்து வரித் தொழிலைக் கற்றுக்கொண்டவர்தான் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. அதே காரன்வாலிஸ் 1798இல் அயர்லாந்துக்கு அரசப் பிரதிநிதியாகப் போனார். அங்கே வெடித்திருந்த கிளர்ச்சியை ஒடுக்கினார். அயர்லாந்தின் நாடாளுமன்றத்தைக் கலைத்து லண்டனோடு இணைக்கும் சட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தார். 1801 ஜனவரி 1 அன்று அயர்லாந்து ஐக்கிய ராஜ்யத்தின் பகுதியானது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஆற்காட்டு நவாபின் கர்நாடகம் கம்பெனிக்கு எழுதித் தரப்பட்டது. ஜவ்வாது மலையின் கிழக்குச் சரிவும் அதோடு போயிற்று. அதைச் செய்வித்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அயர்லாந்தில் பிறந்தவர். பிற்காலத்தில் அவரும் டப்ளினில் அரசப் பிரதிநிதியாக உட்கார்ந்தார்.

ஆகவே அயர்லாந்தை பிரிட்டனோடு சேர்த்ததும் இந்த மலையைக் கம்பெனியோடு சேர்த்ததும் ஒரே கூட்டத்தின் வேலை. இரண்டு இடத்திலும் யாரைக் கேட்டார்கள்? டப்ளின் நாடாளுமன்றம் 1799இல் இணைப்பை மறுத்தது. பட்டங்களும் பதவிகளும் பணமும் கைமாறிய பிறகு 1800இல் ஒப்புக்கொண்டது. நாட்டின் பெரும்பான்மையான கத்தோலிக்கர்கள் அந்த மன்றத்தில் உறுப்பினராக உட்காரவே முடியாது. ஜவ்வாது மலைக்கு அந்தப் பாவனைகூட நடக்கவில்லை. சரிவில் சாமை விதைத்துக்கொண்டிருந்தவருக்குத் தன் ராஜா மாறிய செய்தி எப்போது போய்ச் சேர்ந்ததோ!

மலைக்கு அன்று தனக்கென ஓர் ஏற்பாடு இருந்தது. ஊருக்கு ஊர்க்கவுண்டர், பல ஊர் சேர்ந்த நாட்டுக்கு நாட்டார். கல்யாணம், பாகப் பிரிவினை, தீர்ப்பு, திருவிழா எல்லாம் அவர்கள் கூடிப் பேசி முடித்தார்கள். புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு என்ற பெயர்களில் இன்றும் நிற்கும் ‘நாடு’ அந்த ஏற்பாட்டின் மிச்சம். ஊர்கவுண்டனூர் என்றே ஓர் ஊராட்சி இருக்கிறது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தலைமை ஆண்களிடமே இருந்தது, தீர்ப்பு சில நேரம் கொடுமையாகவும் இருந்திருக்கும். ஆனால் முடிவெடுத்தவர்கள் மலையிலேயே இருந்தார்கள். பிடிக்காவிட்டால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்க முடிந்தது.

தாங்கள் மலைக்கு வந்த கதையையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் அது பதிவாகியிருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்களாம். கொடுக்க மறுத்ததால் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள், தங்களோடு வரும் நாய்கள் மட்டும் தனியே வீடு திரும்பினால் நாங்கள் செத்ததாக வைத்துக் காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் கடந்துவிட்டார்கள், நாய்கள் திரும்பிவிட்டன. வீட்டில் கருமாதியே முடிந்துவிட்டது. வேலை முடித்துத் திரும்பியவர்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறிவிட்டார்கள். கதை நடந்ததா இல்லையா என்பது வேறு. கீழே இருப்பவர்கள் எங்களைச் செத்தவர்களாகக் கணக்கு முடித்துவிட்டார்கள் என்று ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறது. அதை நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டு பிறந்தபோதும் மலை மூன்று துண்டுதான். திருப்பத்தூர் வட்டம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. செங்கம் உள்ளிட்ட திருவண்ணாமலை வட்டம் தென் ஆற்காட்டில். போளூரும் வேலூரும் வட ஆற்காட்டில், அதற்குத் தலைநகர் சித்தூர். 1911இல் வெள்ளை அரசு சித்தூரைத் தனி மாவட்டமாக்கியது. வேலூர் வட ஆற்காட்டின் தலைநகரானது. சேலத்திடமிருந்து திருப்பத்தூரையும் தென் ஆற்காட்டிடமிருந்து திருவண்ணாமலையையும் எடுத்து வட ஆற்காட்டோடு சேர்த்தார்கள். வரி நிர்வாக வசதிக்காகச் செய்த காரியம். ஆனால் அதனால் மலை முழுவதும் ஒரே மாவட்டத்துக்குள், ஒரே கலெக்டருக்குக் கீழ் வந்தது. 78 ஆண்டுகள் அப்படியே இருந்தது.

அந்த ஆண்டுகளில்தான் அயர்லாந்தும் கொதித்தது. 1912இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மூன்றாவது மசோதா லண்டனில் வந்தது. அந்தப் பேச்சு நம் ஊருக்கும் வந்தது. 1916இல் அன்னி பெசன்ட் அடையாறிலிருந்து தொடங்கிய ஹோம் ரூல் இயக்கம் அயர்லாந்திடம் வாங்கிய பெயரைத்தான் சூட்டிக்கொண்டது. பிரிட்டனோடு சேர்ந்தே இருப்போம் என்ற வடக்குப் பகுதிப் புரோட்டஸ்டன்ட் மக்களை ஐக்கியவாதிகள் என்பார்கள். 1609க்குப் பிறகு ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கொண்டுவந்து அல்ஸ்டர் என்ற வட மாகாணத்தில் குடியேற்றப்பட்டவர்களின் வழியினர் பலர். டப்ளின் ஆட்சி எங்களுக்கு வேண்டாம் என்று 1912 செப்டம்பர் 28 அன்று அவர்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடத் தொடங்கினார்கள். ஆணும் பெண்ணுமாக 4 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல். அவர்களுடைய அச்சம் பொய்யானது என்று யாரும் தள்ள முடியாது. தன் மதத்தவர் சிறுபான்மையாகும் ஆட்சியில் தன் பிள்ளைகளின் நிலை என்ன ஆகும் என்று பயந்தவர்கள் அவர்கள்.

1921 மே 3 அன்று தீவில் கோடு விழுந்தது. அல்ஸ்டரில் ஒன்பது மாவட்டங்கள். ஒன்பதையும் எடுத்தால் ஐக்கியவாதிகளின் பெரும்பான்மை மெலிந்துவிடும் என்று ஆறை மட்டும் வட அயர்லாந்தாக எடுத்தார்கள். டோனகல், கேவன், மோனகன் மூன்றும் தெற்கே விடப்பட்டன. அந்த மூன்றிலும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட ஐக்கியவாதிகள் இருந்தார்கள். கோட்டுக்குத் தெற்கே அவர்கள் சிறுபான்மையானார்கள். கோட்டுக்கு வடக்கே கத்தோலிக்கர்கள் சிறுபான்மையானார்கள். ஒரு மக்கள் பெரும்பான்மையா சிறுபான்மையா என்பதைக் கோடு எங்கே விழுகிறது என்பதே முடிவு செய்துவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஜவ்வாது மலைக்கு இதுவே முக்கியமான விஷயம்.

1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு இரண்டானது. ஒரு பாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், மறுபாதி திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். மலையும் இரண்டானது. அம்பேத்கர் மாவட்டம் பிறகு வேலூர் என்று பெயர் மாறியது. 2019இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. அந்த நவம்பர் 28 முதல் புதூர்நாட்டுப் பக்கம் திருப்பத்தூர் மாவட்டம். பெரிய மாவட்டத்தைப் பிரித்தால் கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் வரும் என்பது நியாயமான வாதம். திருப்பத்தூர் சமவெளி மக்களுக்கு அது பலன் தந்தது. மலை மட்டும் 1911க்கு முன் இருந்தபடியே மறுபடி மூன்று துண்டாகிவிட்டது. 1801, 1911, 1989, 2019. இதில் ஒரு தடவையாவது மலையின் ஊர்களைக் கூட்டி உங்களுக்கு எது வசதி என்று அரசு கேட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு பெரியவர் மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை எடுத்துக் கட்டிலின் மேல் பரப்பிக் காட்டினார். அப்பா காலத்து நில ரசீதில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருந்தது. அவருடைய சாதிச் சான்றில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். மூத்த மகனுடையதில் வேலூர். பேத்தியின் விண்ணப்பத்தில் திருப்பத்தூர். நான்கு தலைமுறையும் அதே வீட்டில், அதே புளியமரத்துப் பக்கத்தில். “வூடு எங்கயும் போவல சார், மாவட்டம்தான் நவுந்துகினே போவுது” என்றார். பேத்தியின் அம்மா வீரப்பனூர்ப் பக்கத்துப் பெண். அது திருவண்ணாமலை மாவட்டம். பழங்குடிச் சான்று கொடுக்கிற அதிகாரம் கோட்டாட்சியருக்கு. தாய்வழி உறவைக் காட்ட வேறு மாவட்டத்திலிருந்து காகிதம் வர வேண்டும் என்று சொல்லி அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். கல்லூரிச் சேர்க்கை காத்திருக்காது. மலைக்குள்ளேயே நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஊர் அது. காகிதம் வர வேண்டுமானால் இந்தப் பக்கம் மலை இறங்கி, சமவெளியைச் சுற்றி, அந்தப் பக்கம் ஏற வேண்டும்.

சாதிச் சான்று என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் மாவட்டக் கணக்கோடு நிற்கிறது. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் வாழும் மலையாளிகளே பழங்குடியினர். வட ஆற்காடு என்ற மாவட்டம் இன்று இல்லை. ஆனாலும் அதன் பெயர் பட்டியலில் இருப்பதால்தான் ஜவ்வாது மலைப் பிள்ளைக்கு இன்றும் இடஒதுக்கீடு கிடைக்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். பழைய கணக்கில் அது கோயம்புத்தூர் மாவட்டம். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அதனால் பர்கூர் மலையாளிக்குப் பழங்குடிச் சான்று இல்லை. அவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். ஒரே மக்கள். ஒருவர் பழங்குடி, இன்னொருவர் இல்லை. அல்ஸ்டரில் டோனகலுக்கு நடந்ததே இங்கே பர்கூருக்கும் நடந்தது.

மாறவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு காலத்தில் இந்த மலை என்றால் சந்தனம். வெட்டிய கட்டைகள் திருப்பத்தூர் அரசு சந்தனக் கிடங்குக்குப் போய் ஏலம் போயின. பெரிய மரங்கள் அழிந்துபோயின. சாமை மட்டும் நிலைத்தது. சமவெளியில் ஏழை உணவென்று ஒதுக்கிய தானியத்தை இன்று சென்னைக் கடைகளில் கிலோ கணக்கில் விலை பேசி வாங்குகிறார்கள். புளி, தேன், கடுக்காய், பலா எல்லாவற்றுக்கும் சந்தை வந்திருக்கிறது. காவலூரில் 1960களின் இறுதியில் தொடங்கிய வானோக்கு நிலையத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போனவர்களின் பிள்ளைகள் பட்டம் வாங்கிவிட்டார்கள். 2024இல் புலியூரைச் சேர்ந்த 23 வயதுப் பெண் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். பிரசவமான சில நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதியவர். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. எந்த மாவட்டம் என்று அன்று யாரும் பார்க்கவில்லை, மலை முழுவதும் அவரைத் தன் பெண் என்று கொண்டாடியது.

ஆனால் எல்லையின் ஓரத்தில் வாழ்பவனின் கதை வேறு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் பலர். ஜவ்வாது மலை ஊர்களிலும் சாவு விழுந்தது. தரகர்கள் மலையேறி வந்து ஆள் பிடித்தார்கள். கூலி வாங்கிப் போனவன் செத்தான், கட்டையை விற்றவன் பிழைத்தான். 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரிப் பக்கம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை செத்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றது. உடலைத் தாய் சுமந்துகொண்டு மலையேறினார். நாடே பார்த்த பிறகுதான் சாலைப் பேச்சு வேகம் பிடித்தது. மாவட்டத் தலைநகருக்கு அந்த ஊர் கடைக்கோடி. மூன்று மாவட்டத்துக்கும் மலை கடைக்கோடிதான். மலையே நடுவில் இருக்கும் ஒரு நிர்வாகம் இருந்திருந்தால் அந்த ஊர் யாருடைய கடைசிப் பக்கமாகவும் இருந்திருக்காது.

மாவட்டக் கோட்டைவிட அழுத்தமான இன்னொரு கோடும் மலையில் உண்டு. 1882இன் சென்னை வனச் சட்டம் போட்ட காப்புக்காட்டு எல்லை. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தன் பாட்டன் உழுத நிலமே ஆக்கிரமிப்பு ஆகிவிட்டது. 2006இன் வன உரிமைச் சட்டம் அந்தத் தவறைத் திருத்த வந்தது. தமிழ்நாட்டில் 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைச் சான்று வழங்குவது முடங்கிப் போனது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. மற்ற மாநிலங்கள் லட்சக்கணக்கில் பட்டா கொடுத்துக்கொண்டிருந்த எட்டு ஆண்டுகள் இங்கே போயின. பிறகு ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மேடை போட்டு உரிமைச் சான்று கொடுத்தார்கள், நல்ல காரியம். மூன்று மாவட்டத்திலும் ஒரே வேகத்தில் நடந்ததா என்று மலையில் யாரைக் கேட்டாலும் இல்லை என்பார்கள்.

இனி அல்ஸ்டரின் இன்றைய நிலையைப் பார்ப்போம். 1960களின் இறுதியில் தொடங்கிய வன்முறையில் 3,500 பேர் அளவில் செத்தார்கள். 1998 ஏப்ரல் 10 அன்று, பெரிய வெள்ளிக்கிழமை, பெல்பாஸ்டில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வட அயர்லாந்து மக்களில் பெரும்பான்மையினர் விரும்பும்வரை அது பிரிட்டனோடு இருக்கும், விரும்பினால் அயர்லாந்தோடு சேரலாம் என்று இரண்டு அரசுகளும் எழுதிக் கொடுத்தன. வடக்கிலும் தெற்கிலும் ஒரே நாளில், மே 22 அன்று, மக்களிடம் வாக்கெடுத்தார்கள். வடக்கில் 71.1 சதவீதம் பேர் ஏற்றார்கள். அந்த மண்ணில் பிறந்தவர் தன்னை பிரிட்டிஷ் என்றோ ஐரிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாம். 1801இல் மக்களைக் கேட்காமல் தொடங்கிய இணைப்பு, 197 ஆண்டு கழித்து, கேட்டு முடிவு செய்யும் ஏற்பாடாக மாறியது. எல்லையில் காவல் கோபுரங்கள் போயின. சுமார் 500 கி.மீ. நீள எல்லையை இன்று பால் வண்டியும் பள்ளி வண்டியும் தடையில்லாமல் கடக்கின்றன.

2016இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற முடிவெடுத்தது. வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் வெளியேற வேண்டாம் என்று வாக்களித்திருந்தார்கள், எடுபடவில்லை. நிலத்தில் எல்லை வரக் கூடாது என்று சரக்குச் சோதனையைக் கடலுக்கு மாற்றினார்கள். பிரிட்டனிலிருந்து பெல்பாஸ்டுக்கு வரும் பொருளுக்குச் சோதனையா என்று ஐக்கியவாதிகள் கொதித்தார்கள். அவர்களுடைய பெரிய கட்சியான ஜனநாயக ஐக்கியவாதக் கட்சி 2022 பிப்ரவரியில் ஆட்சியைவிட்டு வெளியேறி, இரண்டு ஆண்டு கழித்து 2024 பிப்ரவரியில் திரும்பியது. 2023இன் வின்ட்சர் ஏற்பாடு சோதனையைக் குறைத்தது. 2024 பிப்ரவரி 3 அன்று அயர்லாந்தோடு சேர விரும்பும் தேசியவாதியான மிஷேல் ஓ’நீல் முதல் அமைச்சரானார். ஐக்கியவாதிகளுக்கு நிரந்தரப் பெரும்பான்மை வேண்டும் என்று அளந்து வெட்டிய நாட்டில், நூறாண்டு கழித்து இது நடந்தது. 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி 45.7 சதவீதம், புரோட்டஸ்டன்ட் பின்னணி 43.5. அதைவிட நான் கவனிப்பது இன்னோர் எண். தன்னை வட அயர்லாந்தினர் என்று மட்டுமே சொல்லிக்கொண்டவர்கள் 19.8 சதவீதம். ஐக்கியவாதத்தின் நாளை அவர்கள் கையில் இருக்கிறது. மருத்துவமனையும் வேலையும் பள்ளியும் பிரிட்டனோடு இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர்களை நம்ப வைத்தால் இணைப்பு நிலைக்கும். கொடியைக் காட்டி மட்டும் நிலைக்காது என்பது என் எண்ணம். லண்டனும் டப்ளினும் இப்போது பேசிக்கொள்கின்றன. 2025 மார்ச்சில் லிவர்பூலில் இரண்டு பிரதமர்களும் உட்கார்ந்து பேசினார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இணைப்புப் பற்றிய சொந்த அனுபவம் உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் எழுதிய கால்டுவெல் 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிமில், அதாவது இதே அல்ஸ்டரில் பிறந்தவர். அவர் தந்த சிந்தனையின் ஓட்டத்தில் திராவிட நாடு கோரிக்கையும் பிறந்தது. 1963இல் அண்ணா அதைக் கைவிட்டார். அந்த இடத்தில் மாநில சுயாட்சி வந்தது. கலைஞர் 1969இல் ராஜமன்னார் குழுவை அமைத்தார், 1974இல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார். 2025 ஏப்ரலில் குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு. டெல்லி எங்களைக் கேட்காமல் எங்கள் விஷயத்தை முடிவு செய்யக் கூடாது என்று சென்னை சொல்கிறது. முழுக்க நியாயம். நானும் அந்தப் பக்கம்தான். அதே நியாயத்தை ஜவ்வாது மலை சென்னையிடம் கேட்டால் என்ன பதில்?

இந்திய அரசியல் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதியை அட்டவணைப் பகுதி என்று குடியரசுத் தலைவர் அறிவிக்கலாம். அங்கே 1996இன் பெசா சட்டம் பொருந்தும். நிலம், சிறு வன மகசூல் விஷயங்களில் கிராம சபையைக் கேட்டே ஆக வேண்டும். பத்து மாநிலங்களில் இப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. 2011 கணக்கெடுப்பில் நம் மாநிலப் பழங்குடி மக்கள் கிட்டத்தட்ட 8 லட்சம், அவர்களில் மலையாளிகளே 3.5 லட்சத்துக்கு மேல். பழங்குடி ஆலோசனைக் குழு இருக்கிறது, அட்டவணைப் பகுதி இல்லை. சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும்தான். ஜவ்வாது மலையின் வாக்கு பல தொகுதிகளுக்குச் சிதறிப் போகிறது, எங்கும் அது முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்குத் திரள்வதில்லை.

எந்தப் பகுதியை அட்டவணைப் பகுதியாக்கலாம் என்பதற்கு, 1960களின் தொடக்கத்தில் தேபர் ஆணையம் சொன்னதையும் உள்ளடக்கி, நிலைத்துவிட்ட அளவுகோல் இருக்கிறது. பழங்குடியினர் பெரும்பான்மை வேண்டும், பகுதி ஒட்டுமொத்தமாக இருக்க வேண்டும், பின்தங்கியிருக்க வேண்டும், மாவட்டம், வட்டம், ஒன்றியம் போன்ற ஒரு நிர்வாக அலகாக இருக்க வேண்டும். ஜமுனாமரத்தூர் தனி ஒன்றியம், பின்னர் தனி வட்டமும் ஆனது. அது அளவுகோலில் தேறிவிடும். பீஞ்சமந்தையும் புதூர்நாடும் தேறாது. அவை சமவெளி ஒன்றியங்களோடு ஒட்டவைக்கப்பட்டவை. அங்கே கூட்டிப் பார்த்தால் மலை மக்கள் சிறுபான்மை. அல்ஸ்டரின் ஒன்பதில் ஆறு என்ற கணக்கைப் போலவே இங்கும் கோடு விழுந்த இடம் உரிமையை முடிவு செய்கிறது. இத்தனைக்கும் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டத்துக்காக ஜவ்வாது மலையையும் புதூர்நாட்டையும் பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் பகுதிகள் என்று அரசே 1970களிலிருந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. பணம் ஒதுக்கக் கண்ணுக்குத் தெரிந்த மலை, அதிகாரம் கொடுக்க மட்டும் தெரியாமல் போவது சரியில்லை.

மூன்று மாவட்டத்தையும் மறுபடி ஒன்றாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அது எளிதில் நடக்காது. மலைக்குள்ளேயே எல்லோரும் அதை விரும்புவார்கள் என்றும் சொல்ல முடியாது. புதூர்நாட்டுக்காரருக்குத் திருப்பத்தூர் மருத்துவமனை பக்கம், திருவண்ணாமலை தூரம். வட அயர்லாந்துக் கோட்டையும் 1998இல் யாரும் அழிக்கவில்லை. கோட்டின் இருபுறமும் வாழ்பவர்களைக் கேட்டு, சேர்ந்து முடிவெடுக்கப் பொதுவான குழுக்களை ஏற்படுத்தினார்கள். வடக்கும் தெற்கும் சேர்ந்த அமைச்சர் குழு ஒன்று இன்றும் அங்கே கூடுகிறது. மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஜவ்வாது மலைக்கென்று ஒரு வாரியம், அதில் பெரும்பான்மை மலை மக்கள், அதில் பாதி பெண்கள் என்று தமிழக அரசு ஓர் அரசாணையில் செய்துவிடலாம். ஒரு மாவட்டத்துச் சான்றை அடுத்த மாவட்டம் கணினியில் பார்த்து ஏற்றுக்கொள்ளச் செய்வதற்கு அரசாணைகூட வேண்டாம், மூன்று கலெக்டர்களும் ஒருநாள் ஜமுனாமரத்தூரில் உட்கார்ந்தால் போதும். அட்டவணைப் பகுதிக்கு டெல்லி வரை போக வேண்டும், அதற்குச் சென்னை முதலில் கேட்க வேண்டும்.

சென்னை கேட்பதற்கு முன் மலை கேட்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கிராம சபை கூட வேண்டும் என்பது விதி. மலையிலிருந்து இதைப் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த கிராம சபையில் ஜவ்வாது மலை முழுவதையும் அட்டவணைப் பகுதியாக அறிவிக்கக் கோரித் தீர்மானம் போடுங்கள். உங்கள் ஊராட்சி எந்த மாவட்டத்தில் இருந்தாலும் அதே வாசகத்தைப் போடுங்கள். பெண்கள் கையெழுத்தும் இருக்கட்டும். நகலை மூன்று கலெக்டர்களுக்கும் பழங்குடி ஆலோசனைக் குழுவுக்கும் அனுப்பி, பதிவு அஞ்சல் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.